9, 14, 19: ஒரே காயத்துக்கு மூன்று எண்கள்

விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் ஒருவருக்கு அடி எவ்வளவு பலம் என்பதை 1 முதல் 75 வரையிலான ஓர் எண்ணால் சொல்லும் முறை ஒன்று ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் புழங்குகிறது. காயத் தீவிர மதிப்பெண் என்று தமிழில் சொல்லலாம். மருத்துவர்கள் வாயில் அது ஐ.எஸ்.எஸ். இந்த எண் 15-ஐத் தாண்டினால் அது பெருங்காயம், தாண்டாவிட்டால் இல்லை. எந்த மருத்துவமனையில் எத்தனை பெருங்காய நோயாளிகள், அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எந்த ஊர் எந்த ஊரைவிட மேல் என்ற கணக்கெல்லாம் இந்த எண்ணின் மேல்தான் கட்டப்படுகிறது. இரண்டு பேர் தனித்தனியே உட்கார்ந்து ஒரே நோயாளிக்கு மதிப்பெண் போட்டால் ஒரே எண் வருமா என்பதே என் கேள்வி. மதிப்பெண்ணின் நம்பகம் என்று இந்த உரையில் நான் சொல்வது அதை மட்டும்தான். எண் சரியானதைத்தான் அளக்கிறதா என்பது வேறு கேள்வி. அதை நான் போகிற போக்கில்தான் தொடுவேன்.

கற்பனையாக ஒரு கேஸ் ஷீட்டை எடுத்துக்கொள்வோம். இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்த ஒருவர். இடப்பக்க விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன. மண்ணீரலில் கிழிசல். முழங்கையிலும் தோளிலும் சிராய்ப்பு. இதற்கு மதிப்பெண் போட, முதலில் ஒவ்வொரு காயத்துக்கும் ஏ.ஐ.எஸ். என்ற கையேட்டைப் பார்த்து 1 முதல் 6 வரை ஒரு தரம் கொடுக்க வேண்டும். 1 என்றால் லேசானது. 5 என்றால் உயிர் ஊசலாடும் நிலை. 6 என்றால் பிழைக்க வழியில்லாதது. பிறகு உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் உச்சத் தரங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். மார்பு, வயிறு, தோல் என்று நம் ஆளுக்கு மூன்று பகுதிகள். முதலாமவர் எக்ஸ்ரே அறிக்கையை மட்டும் பார்க்கிறார். அதில் இரண்டு விலா எலும்புகள் முறிந்ததாக இருக்கிறது, தரம் 2. மண்ணீரல் கிழிசலின் ஆழம் அறுவை சிகிச்சைக் குறிப்பில் எழுதப்படவில்லை. ஆழம் தெரியாத கிழிசலுக்குக் கையேடு தரும் தரம் 2. சிராய்ப்புக்கு 1. நான்கும் நான்கும் ஒன்றும் ஒன்பது. இரண்டாமவர் கோப்பின் பின்பக்கத்தில் செருகியிருந்த சி.டி. ஸ்கேன் அறிக்கையையும் படிக்கிறார். எக்ஸ்ரேயில் தென்படாத மூன்றாவது விலா எலும்பு முறிவு அதில் தெரிகிறது. 2005-ஆம் ஆண்டுக் கையேட்டின்படி மூன்று விலா எலும்புகள் முறிந்தால் தரம் 3. மண்ணீரல் கிழிசல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது, அதற்கும் 3. ஒன்பதும் ஒன்பதும் ஒன்றும் பத்தொன்பது. விலா எலும்பைக் கண்டு, ஆழத்தைக் கவனிக்காமல் விட்ட மூன்றாமவர் ஒருவர் இருந்தால் அவருக்கு 14 வரும். மூவரும் கையேட்டை மீறவில்லை. முதல் இருவர் கணக்கிலும் அடிபட்டவர் பெருங்காய நோயாளியாக இருப்பதும் இல்லாமற்போவதும் ஒரு தாள் கண்ணில் பட்டதா என்பதைப் பொறுத்தது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். ஏ.ஐ.எஸ். கையேடு 1971-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மருத்துவர் சங்கமும் வாகனப் பொறியாளர்களும் சேர்ந்து செய்த வேலை அது. கார் விபத்துகளை ஆராய்ந்தவர்களுக்கு, எந்த மோதலில் எந்த வகைக் காரில் எவ்வளவு காயம் என்று ஒப்பிட ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. ஆனால் அது தனித்தனிக் காயத்துக்கான தரம். ஒருவருக்கு ஐந்து இடத்தில் அடிபட்டால் மொத்தமாக என்ன சொல்வது? அதற்கு விடை தந்தவர்கள் சூசன் பேக்கரும் அவருடைய சகாக்களும். 1974-இல் வந்த அவர்களது கட்டுரை, பால்டிமோர் நகரின் எட்டு மருத்துவமனைகளைச் சார்ந்து, வாகன விபத்தில் அடிபட்ட 2,128 பேரை ஆராய்ந்தது. தரம் ஏற ஏற மரணம் படிப்படியாக ஏறவில்லை, தாவி ஏறியது. இரண்டாவது, மூன்றாவது பகுதிகளில் உள்ள காயமும் மரணத்தைக் கூட்டியது. வர்க்கப்படுத்திக் கூட்டினால் மரணத்தோடு எண் நன்றாகப் பொருந்தி வந்தது. அவ்வளவுதான் காரணம். 1, 2, 3 என்பவை அளவுகள் அல்ல, வரிசை எண்கள். வரிசை எண்ணை வர்க்கப்படுத்துவதற்குக் கணக்கியலில் நியாயம் கிடையாது. இருந்தும் அது வேலை செய்தது. கணினி மேசைக்கு வராத காலத்தில், ஒரு பென்சிலும் ஒரு கையேடும் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தீவிரத்தின்படி பிரிக்க முடிந்தது பெரிய சாதனை. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை.

ஆனால் அந்த வர்க்கத்துக்கு ஒரு விலை உண்டு. தரம் போடுவதில் ஏற்படும் சிறு வேறுபாட்டை அது பெருக்கிவிடுகிறது. தரம் 4-ஆ 5-ஆ என்ற தயக்கம் மொத்தத்தில் ஒன்பது புள்ளி வேறுபாடாகிறது. இன்னொன்றும் உண்டு. 1 முதல் 75 வரை என்று கேட்கும்போது எழுபத்தைந்து படிகள் கொண்ட ஏணி என்று தோன்றும். உண்மையில் 5 வரையிலான மூன்று எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 44 விடைகள்தான் கிடைக்கும். 7 வராது, 23 வராது, 66-க்கு அடுத்து நேரே 75. எல்லைக்கோடாக நாம் வைத்திருக்கும் 15 வரவே வராது. மூன்று வர்க்கங்களைக் கூட்டி அந்த எண்ணைப் பெற எந்த வழியும் இல்லை. ஆக, கோட்டின் இந்தப் பக்கம் 14, அந்தப் பக்கம் 16. 14 என்பது 3, 2, 1 என்ற தரங்களின் சேர்க்கை. அந்தக் கடைசி 1-ஐ வேறொருவர் 2 என்று கருதினால் 17. உயிருக்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லாத மூன்றாவது காயத்தின் தரம் ஒருவரைப் பெருங்காயப் பட்டியலில் சேர்க்கிறது. போதாததற்கு, ஒரே எண்ணுக்குள் வெவ்வேறு மனிதர்கள் ஒளிந்திருக்கிறார்கள். தலையில் 5 தரக் காயம் ஒன்றே உள்ளவருக்கும் 25. மார்பில் 4, காலில் 3 உள்ளவருக்கும் 25. இவர்கள் பிழைக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்காது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, நடைமுறையில் வேறுபாடு எவ்வளவு? 1993-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டார ஆய்வு ஒன்று வந்தது. ஒரே நோயாளிகளின் விவரங்களைப் பல மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்து ஐ.எஸ்.எஸ். போடச் சொன்னார்கள். ஏதேனும் இருவர் ஒரே எண்ணைத் தரும் வாய்ப்பு 28 விழுக்காடுதான். மதிப்பீட்டாளர்களுக்குப் பயிற்சி போதாது என்று அப்போது சமாதானம் சொல்ல முடிந்தது. இருபது ஆண்டு கழித்து நார்வேயில், முறையாகப் பயிற்சி பெற்ற பத்துக் குறியீட்டாளர்களிடம் ஐம்பது நோயாளிகளின் கோப்புகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரை 2013-இல் வந்தபோது, ஏ.ஐ.எஸ். தரங்களைக் கூட்டி மொத்த மதிப்பெண் போடுவதே நம்பத்தக்க அடித்தளமா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்திருந்தது. நல்ல பதிவேடு, நல்ல பயிற்சி, வசதியான நாடு. அங்கேயே இந்தக் கேள்வி எழுந்தது.

இங்கே புள்ளியியல் அறிந்தவர்கள் குறுக்கிடுவார்கள். வேறு பல ஆய்வுகளில் மதிப்பீட்டாளர்களுக்கிடையிலான ஒத்திசைவுக் கெழு 0.8, 0.9 என்று வந்திருக்கிறதே, அது நல்ல எண்தானே என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்தக் கெழு எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வகுப்பிணைக் கெழு என்று சொல்லப்படும் அந்த அளவு, நோயாளிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் மதிப்பீட்டாளர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் விகிதமாக வைத்துப் பார்க்கிறது. சிராய்ப்போடு வீட்டுக்குப் போனவர் முதல் மூளை சிதைந்தவர் வரை எல்லோரையும் ஒரே ஆய்வில் கலந்தால் நோயாளிகளுக்கிடையிலான வேறுபாடு மிகப் பெரிதாகிவிடும், மதிப்பீட்டாளர்களின் சச்சரவு அதற்குள் அமுங்கிப்போகும், கெழு உயரும். அதே மதிப்பீட்டாளர்கள், அதே கையேடு. ஆனால் 9-க்கும் 25-க்கும் இடையில் உள்ளவர்களை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் கெழு சரியும். நமக்குத் தேவைப்படுவதோ அந்த நடுப்பகுதிதான். முழுக்க நசுங்கியவரையும் முழங்கால் தேய்ந்தவரையும் வேறுபடுத்த மதிப்பெண் எதற்கு? கண்ணே போதும்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஆய்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். ஒத்திசைவை எந்தக் காயங்களின் மேல் கணக்கிட்டார்கள்? இருவரும் பட்டியலிட்ட காயங்களை மட்டும் எடுத்து, அவற்றுக்கு இருவரும் கொடுத்த தரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் விடை அழகாக வரும். கையேட்டைத் திறந்தால் தரம் கிடைத்துவிடும், அதில் சண்டை குறைவு. சண்டை அதற்கு முன்னால் நடக்கிறது: அந்தக் காயத்தை ஒருவர் பார்த்தார், இன்னொருவர் பார்க்கவில்லை. நம் கேஸ் ஷீட்டில் மூன்றாவது விலா எலும்புக்கு நடந்தது அதுதான். விட்டுப்போன காயத்தைக் கணக்கில் சேர்க்காத ஒத்திசைவு எண்ணை நம்ப வேண்டியதில்லை.

விட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவு என்று நினைத்தால் குறியீட்டாளர்களுக்கு அநியாயம் செய்கிறோம். கோப்பு எழுதப்படும் விதமே காரணம். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் பணி மருத்துவர் எழுதும் குறிப்பில், விலா எலும்பு முறிவு என்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குறி நிற்கும். கதிரியக்க அறிக்கையில் 'சஜஸ்டிவ் ஆஃப்' என்று இருக்கும். ஏ.ஐ.எஸ். விதி தெளிவானது: சந்தேகம், இருக்கலாம், வாய்ப்புண்டு என்று எழுதப்பட்டதைக் குறிக்கக் கூடாது; உறுதியானதை மட்டும் குறிக்க வேண்டும். விதியை அப்படியே பின்பற்றினால் அந்தக் காயம் இல்லை. மருத்துவரின் எழுத்து நடையை அறிந்த குறியீட்டாளருக்கோ, அவர் கேள்விக்குறி போடுவது கைப்பழக்கம் என்று தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிரதான காயம் மட்டும் வந்து மற்றவை ஒரு வரியில் அடங்கிவிடும். இறந்துபோனவர் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். வந்து அரைமணியில் உயிர் போனவருக்கு ஸ்கேன் எடுத்திருக்க மாட்டார்கள். உள்ளே என்ன கிழிந்தது என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியும். அந்த அறிக்கை இங்கே காவல்துறை விசாரணை அதிகாரிக்குப் போகிறது. மருத்துவமனைப் பதிவேட்டுக்குத் திரும்பி வர ஒழுங்கான வழி இல்லை. விளைவு, மிக மோசமாக அடிபட்டு உடனே இறந்தவர் பதிவேட்டில் குறைந்த மதிப்பெண்ணோடு இறந்தவராக நிற்கிறார். காகிதத்தில் பார்த்தால் பிழைத்திருக்க வேண்டியவர்.

இப்போது எனக்கு எதிரான வலுவான வாதத்துக்கு வருகிறேன். தனி ஒருவரின் மதிப்பெண்ணில் பிழை இருக்கலாம், ஆயிரக்கணக்கில் சேர்த்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், ஐ.எஸ்.எஸ். கூட்டத்துக்கான அளவுகோலே தவிர ஆளுக்கானதல்ல. எனவே ஆளுக்கு ஆள் வரும் தடுமாற்றத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பது வாதம். சராசரியை மட்டும் கேட்டால் இந்த வாதம் பாதி சரி. எல்லைக்கோடு போட்ட பிறகு சரியில்லை. காயங்களின் பரவலைப் பாருங்கள்: லேசானவை மிக அதிகம், கடுமையானவை குறைவு. உதாரணத்துக்கு, கோட்டுக்குக் கீழே 1,000 பேர், மேலே 200 பேர் என்று வைப்போம். இரு பக்கமும் பத்தில் ஒருவருக்குத் தவறாகப் போடப்படுகிறது. பாரபட்சம் இல்லாத பிழை. கீழிருந்து 100 பேர் மேலே ஏறுவார்கள். மேலிருந்து 20 பேர் கீழே இறங்குவார்கள். பெருங்காய நோயாளிகள் 280 என்று அறிக்கை சொல்லும். பிழை இரு பக்கமும் சமமாக இருந்தும் விடை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இதோடு முடியவில்லை. ஏறிவந்த அந்த 100 பேர் அவ்வளவாக அடிபடாதவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்பார்கள். ஆகவே பெருங்காய நோயாளிகளில் பிழைத்தோர் விழுக்காடு உயரும். கவனமில்லாமல் மதிப்பெண் போடும் மருத்துவமனை, கவனமாகப் போடும் மருத்துவமனையைவிடச் சிறந்ததாகத் தெரியும். யாரும் ஏமாற்றாமலேயே இது நடக்கும்.

ஈடுசெய்துகொள்ளாத இன்னொரு வகைப் பிழை திசையுள்ள பிழை. தலை முதல் இடுப்பு வரை எல்லோருக்கும் சி.டி. எடுக்கும் மருத்துவமனை, எக்ஸ்ரேயோடு நிற்கும் மருத்துவமனையைவிட அதிகக் காயங்களைக் கண்டுபிடிக்கும். அதே நோயாளிக்கு அதிக மதிப்பெண் வரும். அவர் பிழைத்தால் பெருமையும் அதிகம். நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இந்தப் பிழை கரையாது, உறுதிப்படும். கையேடே மாறும்போதும் இதுதான் நடக்கிறது. ஏ.ஐ.எஸ். பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது, 1998-க்கும் 2008-க்கும் இடையே பல காயங்களின் தரம் கீழிறங்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். புதிய கையேட்டில் போட்டால் பெருங்காய நோயாளிகள் என்ற கூட்டமே சுருங்கியது. விபத்துகள் குறையவில்லை, புத்தகம் மாறியது. பழைய கையேட்டில் 15-க்கு மேல் என்றிருந்த எல்லைக்குப் புதியதில் 12-க்கு மேல் என்பதே நெருக்கமாக வருகிறது என்று கண்டு, கோட்டையே மாற்றிக்கொண்டார்கள். நேர்மையான காரியம். ஆனால் 15 என்ற கோடு இயற்கை போட்ட கோடு என்று நம்பியிருந்தவர்கள் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு உண்டு.

மற்றொரு ஆட்சேபம் மருத்துவர்களிடமிருந்தே வரும். ஐ.எஸ்.எஸ். பார்த்து யாரும் சிகிச்சை தருவதில்லை. நோயாளி வீட்டுக்கோ சவக்கிடங்குக்கோ போன பிறகுதான் இந்த எண்ணே பிறக்கிறது. அதனால் யாருக்கு என்ன கெடுதல்? சிகிச்சைக்கு அது பயன்படுவதில்லை என்பது முழு உண்மை. வாசலில் முடிவெடுக்க உதவுவது ரத்த அழுத்தம், சுவாசம், 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த நினைவு அளவுகோல் போன்றவை. ஆனால் எண் பிறந்த பிறகு அது சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தில் பெருங்காய சிகிச்சைக்கு மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகை ஐ.எஸ்.எஸ். எல்லையோடு பிணைக்கப்பட்டது. 1987-இல் வகுக்கப்பட்ட ட்ரிஸ் என்ற முறை ஐ.எஸ்.எஸ்., வயது, உடல்நிலை மூன்றையும் சேர்த்து இவர் பிழைக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று சொல்கிறது. அதை வைத்து எதிர்பாராத மரணங்களைத் தணிக்கைக்கு எடுக்கிறார்கள். மருந்து ஆய்வுகளில் யாரைச் சேர்ப்பது என்பதையும் அதே கோடு தீர்மானிக்கிறது. பணம், தணிக்கை, ஆய்வு மூன்றும் ஓர் எண்ணின் பின்னால் நிற்கும்போது அந்த எண்ணின் தடுமாற்றம் யாருடைய விஷயமும் இல்லை என்று சொல்ல முடியாது.

அப்படியானால் வேறு மதிப்பெண்ணுக்கு மாறிவிடலாமே என்பவர்களும் உண்டு. 1997-இல் ஆஸ்லர், பேக்கர், லாங் மூவரும் புதிய ஐ.எஸ்.எஸ். ஒன்றை முன்வைத்தார்கள். உடல் பகுதி எதுவானாலும் மிக மோசமான மூன்று காயங்களை எடுத்துக்கொள் என்பது அதன் விதி. இரு தொடை எலும்பும் முறிந்தவருக்குப் பழைய முறையில் 9 மட்டும்தான், ஒரே பகுதி என்பதால். புதிய முறையில் 18. மருத்துவ அறிவுக்கு இது பொருந்துகிறது. நானும் இதையே விரும்புவேன். ஆனால் இது தீர்ப்பது வேறு சிக்கலை. காயத்தைக் கோப்பில் கண்டுபிடிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. சொல்லப்போனால் ஒரே பகுதியில் இரண்டாவது மூன்றாவது காயங்களையும் தவறவிடாமல் எடுக்க வேண்டியிருப்பதால் கூடுகிறது. நோய்க் குறியீட்டுப் பட்டியலிலிருந்து நேரடியாகப் பிழைப்பு வாய்ப்பைக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன; அந்தக் குறியீடுகளைப் போடுபவரும் அதே கோப்பைத்தான் படிக்கிறார். உகாண்டாவின் கம்பாலாவில் வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கென்று உருவான மதிப்பெண் எளிமையானது, எனக்குப் பிடித்தமானது; அதிலும் கடுமையான காயங்கள் எத்தனை என்ற ஓர் இனம் உண்டு, எது கடுமை என்பது பார்ப்பவர் கண்ணில். கணினியிடமே கோப்பைக் கொடுத்துத் தரம் போடச் சொல்லலாம் என்பது இப்போதைய பேச்சு. கணினி நேற்றும் இன்றும் ஒரே விடை தரும்; அந்த மட்டில் அது மனிதரைவிட மேல். எழுதப்படாத ஆழத்தை அதுவும் படிக்க முடியாது. யாருடைய பழைய குறியீடுகளைக் கொண்டு அதற்குக் கற்பிக்கிறோமோ அவர்களுடைய சாய்வை அது நிலைப்படுத்திவிடும்.

எனவே நான் சொல்ல வருவது இதுதான்: ஐ.எஸ்.எஸ். நம்பகமானதா என்ற கேள்விக்கு உலகப் பொதுவான விடை கிடையாது. நம்பகம் சூத்திரத்தில் இல்லை. இந்தப் பதிவேட்டில், இந்தக் கோப்புகளைக் கொண்டு, இந்த ஆட்கள், இந்தக் கோட்டின் அருகில் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அந்தந்த இடத்தில் அளந்தால்தான் தெரியும். நார்வேயின் எண்ணை மதுரைக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவேடும் தன் கோப்புகளில் ஒரு சிறு பங்கை, இருபதுக்கு ஒன்று போதும், முதல் விடை தெரியாத இரண்டாவது ஆளிடம் கொடுத்து மறுபடி போடச் சொல்ல வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது 9 முதல் 25 வரையிலானவற்றை அதிகமாக எடுக்க வேண்டும். இருவரில் ஒருவர் மட்டும் கண்ட காயங்களையும் வேறுபாடாக எண்ண வேண்டும். கோட்டைக் கடந்து மாறியவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணைக் கெழுவுக்குள் மறைக்காமல், பிழைத்தோர் விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். எந்தக் கையேட்டுப் பதிப்பு என்பதையும் போட வேண்டும். அதுவரை 15-க்கு மேல், 15-க்குக் கீழ் என்ற எண்ணிக்கையை வைத்து இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடும் அட்டவணையை நான் நம்ப மாட்டேன்.

நம் நாட்டுக்கு இது ஆடம்பரம் என்று சொல்லப்படும். கோப்பே ஒழுங்காக இல்லாத இடத்தில் இரட்டைப் படிப்பா என்று. 2013 முதல் 2015 வரை மும்பை, டெல்லி, கொல்கத்தா அரசு மருத்துவமனைகளில் நடந்த காயப் பதிவேட்டில், நோயாளிகள் வரும்போதே விவரம் எடுக்கத் தனியாக ஆள் அமர்த்தினார்கள். 16,000 பேருக்கு மேல் பதிவானார்கள். கேஸ் ஷீட்டை நம்பி உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்காது என்பது அந்த ஏற்பாட்டிலேயே தெரிகிறது. பதிவேடு நடத்தவே ஆள் வைக்க வேண்டும் என்ற இடத்தில், அவர் நேரத்தில் இருபதில் ஒரு பங்கு பெரிய செலவாகாது. பயனும் இரட்டை: இருவர் எங்கே பிரிகிறார்கள் என்று பார்த்தால் கோப்பில் எந்த வரி எழுதப்படாமல் போகிறது என்று தெரியும். ஆழம் எழுதப்படவில்லை என்றால் அறுவை சிகிச்சைக் குறிப்புப் படிவத்தில் ஆழத்துக்கு ஒரு கட்டம் போட்டுவிடலாம். எந்தப் பயிற்சி வகுப்பையும்விட அது மலிவு.

கடைசியாக, இந்த அவையில் வழக்கறிஞர்களும் இருக்கக்கூடும் என்பதால் ஒன்று. நம் அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேட்டில் எழுதித் தரும் ஏ.ஆர். காப்பியில் காயம் சாதாரணமா, கொடுங்காயமா என்று குறிக்கிறார்கள். அதுவும் ஒரு தீவிர அளவுகோல்தான். ஆனால் அதன் தாய் சட்டம், மருத்துவம் அல்ல. முந்தைய தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவும் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவும் எலும்போ பல்லோ முறிந்தால் கொடுங்காயம் என்கின்றன. அதே உடைந்த பல்லுக்கு ஏ.ஐ.எஸ். தரும் தரம் 1. அன்றாட வேலையைச் செய்ய முடியாத நாட்களின் எண்ணிக்கை பழைய சட்டத்தில் இருபது, புதியதில் பதினைந்து. ஒரே மனிதர் சட்டம் மாறியதால் மறு பட்டியலுக்குப் போகலாம். இதைப் பார்த்து, நீதிமன்றத்துக்கும் ஐ.எஸ்.எஸ். போன்ற அறிவியல் எண்ணைக் கொண்டுவரலாமே என்ற யோசனை எழுகிறது. வேண்டாம் என்பேன். ஒரு பதிவேட்டில் எல்லையைத் தாண்டி மாறுபவர்கள் இத்தனை பேர் என்று தெரிந்தால், கூட்டத்தைப் பற்றிய கணக்கில் அதற்கு இடம் ஒதுக்கிவிடலாம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஒருவர்தான், அடிபட்டவரும் ஒருவர்தான். அவருடைய எண் 14-ஆ 17-ஆ என்று இரண்டு மருத்துவர்கள் ஒத்துப்போகாதபோது, அந்த ஒருவர் விஷயத்தில் எந்தச் சராசரியும் நீதிபதிக்கு உதவாது. அங்கே வேண்டியது எண்ணல்ல. மண்ணீரல் எவ்வளவு ஆழத்துக்குக் கிழிந்தது, எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது, அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சாட்சிக் கூண்டில் நின்று மருத்துவர் சொல்லும் விவரம்.